தந்தியைப் படிப்பதற்கு முன்

சாரலில் நனைந்துகொண்டே குற்றாலத்திலிருந்து தென்காசி ஸ்டேஷனுக்கு விரசலாக நடந்தார் மாசிலாமணி உபதேசியார். மடியில் பட்டாளத்திலிருந்து வந்த தந்தி இருந்தது. மகன் பர்மாச் சண்டையில் இருக்கிறான். தந்தி இங்கிலீஷில் இருந்ததால் ஸ்டேஷன் மாஸ்டர்தான் படித்துச் சொல்ல வேண்டும்.

பின்னால் வந்த மனைவி ஞானப்பூ வழிநெடுக ஜெபத்தை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். அவருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“ஏட்டி, நடந்தது நடந்து முடிஞ்சாச்சு. கர்த்தரோட சித்தம் இந்தா மடியில எழுதிக் கெடக்கு. இனி ஜெபம் பண்ணுனா எழுத்து மாறிருமாக்கும்?”

போன ஞாயிற்றுக்கிழமைதான், கர்த்தருடைய சித்தமில்லாமல் தலைமயிர் ஒன்றுகூட விழாது என்று கோயில் பிரசங்கத்தில் அவர் முழங்கியிருந்தார்.

“மாத்தச் சொல்லி நான் கேக்கலையே,” என்றாள் ஞானப்பூ. “அத வாசிக்கையில எங்க ரெண்டு பேரையும் விட்டுட்டுப் போயிராதேயும்னு கேக்குதேன்.”

“பேச்சுக்கு ஒண்ணும் கொறச்சல் இல்ல,” என்று அவர் நடையை எட்டிப்போட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு கையை நீட்டினார். உபதேசியார் தந்தியை எடுத்துவிட்டார். கொடுக்கத்தான் கை வரவில்லை.

“ஒரு நிமிசம் பொறுத்துக்கிடுங்க ஐயா,” என்றவர், மனைவியின் முகத்தைப் பார்க்காமல் பிளாட்பாரத்து ஈரத்திலேயே முழங்காலில் நின்றார்.