கலங்கரை விளக்கத்துக்குப் போய்ச் சேராத பஸ்

திண்டிவனத்தைத் தாண்டி ஒரு ஓட்டலில் காலைச் சாப்பாட்டுக்கு நின்ற பஸ் ஏன் இன்னும் கிளம்பவில்லை என்று எவாஞ்சலினுக்குப் புரியவில்லை. யாரும் கடை பார்க்கப் போகவில்லை. யாரும் போனில் பேசிக்கொண்டு மரத்தடியில் நிற்கவில்லை. எல்லோரும் வேகமாகத்தான் நடந்தார்கள், வேகமாகத்தான் சாப்பிட்டார்கள். ஆனாலும் அரை மணி நேரம் என்று சொல்லி நிறுத்திய பஸ், ஒரு மணி நேரம் கழிந்தும் நின்றுகொண்டே இருந்தது. போன வருடமும் இப்படித்தான் நடந்தது. அதற்கு முந்தின வருடமும்.

நெய்வேலிச் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கும் ஒரு செக்‌ஷன் வருடத்துக்கு ஒருமுறை குடும்பத்தோடு சென்னைக்கு ஒரு நாள் டூர் போகும். முதலில் வண்டலூர் உயிரியல் பூங்கா, பிறகு கிண்டி பாம்புப் பண்ணை, கடைசியில் மெரினா கலங்கரை விளக்கம். கலங்கரை விளக்கத்தில் சாயங்காலம் டிக்கெட் கவுண்டரை மூடிவிடுவார்கள். வழியில் எங்கே தாமதமானாலும் அடி விழுவது அந்தக் கடைசி இடத்துக்குத்தான். இரண்டு வருடமாக மூடிய கதவைப் பார்த்துவிட்டு, கடலில் காலை நனைத்துவிட்டு, ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டே ஊர் திரும்பியிருந்தார்கள்.

பஸ்ஸில் இரண்டு கூட்டம். முன்வரிசைகளில் பர்மனென்ட் குடும்பங்கள்: டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ், சம்பளத்தோடு லீவு எல்லாம் உள்ளவர்கள். பின்வரிசைகளில் கான்ட்ராக்ட் குடும்பங்கள்: அதே பெல்ட்டில் அதே ஷிப்டில் வேலை செய்துவிட்டு வடலூருக்கும் குறிஞ்சிப்பாடிக்கும் வாடகை வீட்டுக்குத் திரும்புகிறவர்கள். எவாஞ்சலினின் கணவன் பெனடிக்ட் கான்ட்ராக்ட் எலக்ட்ரீஷியன். அவள் வடலூரில் ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். யார் எங்கே உட்காருவது என்று யாரும் எழுதிவைத்ததில்லை. முதல் டூரில் அப்படி உட்கார்ந்தார்கள், அது அப்படியே நின்றுவிட்டது.

கடைசியாக ஓட்டலிலிருந்து வந்து ஏறியவர்கள் பெனடிக்டின் கூட்டம்தான். செக்‌ஷன் ஃபோர்மேன் சிங்காரவேலு வாசலிலேயே நின்று வரவேற்றார்.

"வாங்க, வாங்க. மாலை போட்டு கூப்பிடணுமோ?"

"ஏன் சார், நாங்க இன்னா தூங்கிக்கினா இருந்தோம்?" என்றான் பெனடிக்ட்.

"அது எனக்குத் தெரியாது வே. கடைசில ஏறுனது யாரு? அதச் சொல்லு." சிங்காரவேலு மைக்கைக் கையில் எடுத்தார். பாட்டுப் போடத்தான் அந்த மைக். "எல்லாரும் கேட்டுக்கோங்க. மூணு வருஷமா பாக்கேன், ஒவ்வொரு ஸ்டாப்லயும் பின்சீட்டுக்காரங்கதான் லேட்டு. இன்னைக்கும் லைட் ஹவுஸ் போச்சுன்னா அடுத்த வருஷம் பர்மனென்ட் குடும்பம் மட்டும்தான் பஸ் ஏறும்."

முன்வரிசையில் சிலர் கைதட்டினார்கள். பின்சீட்டுக்காரர்களுக்குக் குவார்ட்டர்ஸ் கிடையாது, போனஸ் கிடையாது, பொங்கல் விழாவில்கூடத் தனிப்பந்தி. இரண்டு தரப்பும் ஒன்றாகப் போவது இந்தப் பஸ் ஒன்றில்தான். அதையும் மைக்கில் சொல்லி எடுத்துவிடப் பார்க்கிறார்.

எவாஞ்சலினை அதிகமாகக் குடைந்தது வேறு விஷயம். அவர் சொன்னது பொய் இல்லை. கடைசியில் ஏறியவர்கள் பின்சீட்டுக்காரர்கள்தான். அதை எப்படி மறுப்பது?

வண்டலூரில் இறங்கியபோதே பெனடிக்ட் தன் கூட்டத்திடம் சொல்லிவிட்டான்: "இன்னிக்கு நாமதான் மொதல்ல திரும்பி வரணும். புலி இருந்தா பாருங்க, இல்லன்னா உட்டுட்டு வந்துகினே இருங்க." அவர்கள் வெயிலில் ஓட்டமும் நடையுமாகச் சுற்றினார்கள். நீர்யானை தலையைத் தூக்கும்வரை நிற்கக்கூட நேரமில்லை. முதலில் பஸ்ஸுக்கு வந்தார்கள், வந்ததும் முன்சீட்டுகளில் வரிசையாக உட்கார்ந்துகொண்டார்கள். பெனடிக்ட் உட்கார்ந்தது சிங்காரவேலுவின் சீட்டில்.

"எந்திரி," என்றார் சிங்காரவேலு.

"எதுக்கு சார்? சீட்டுல உங்க பேரு எழுதியிருக்கா?"

"என் மனைவிக்கு பின்னாடி உக்காந்தா வாந்தி வரும் வே."

"எங்க வூட்லயும் வரும். மூணு வருஷமா வந்துகினுதான் இருக்கு. யாராச்சும் கேட்டீங்களா?"

சிங்காரவேலுவின் மனைவி இசக்கியம்மாள் எவாஞ்சலினைப் பார்த்தாள். "ஏட்டி, டீச்சர்னு பேரு. புருஷனுக்கு மரியாத சொல்லிக் குடுக்கலியா?"

"அக்கா, 'ஏட்டி' எல்லாம் உங்க வீட்டோட வச்சுக்கோங்க."

சத்தம் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் டிரைவர் அறிவழகன் திரும்பிப் பார்த்தார். "யாரு வேணா எங்க வேணா உக்காருங்கய்யா. இந்த ஸ்டீயரிங்க மட்டும் என்கிட்ட விட்டுடுங்க." என்ஜினை ஸ்டார்ட் செய்தார். நின்றுகொண்டே வர முடியாமல் பர்மனென்ட் குடும்பங்கள் பின்னால் போய் உட்கார்ந்தன.

தாம்பரம் பக்கத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிறுத்தினார்கள். இந்த முறை கடைசியில் வந்து ஏறியது சிங்காரவேலுவின் குடும்பம். முன்சீட்டிலிருந்து விசில் பறந்தது. "வாங்க, வாங்க, மாலை போடணுமோ?" என்று பெனடிக்ட் அவர் குரலிலேயே கேட்டான். "அடுத்த வருஷம் கான்ட்ராக்ட் குடும்பம் மட்டும்தான் பஸ்ஸு!" என்று யாரோ கத்தினார்கள். சிங்காரவேலுவின் முகம் கறுத்துவிட்டது. இசக்கியம்மாள் யாரையும் பார்க்காமல் கடைசி சீட்டுக்குப் போனாள்.

எவாஞ்சலின் மட்டும் சிரிக்கவில்லை. மனிதர்கள் இடம் மாறினார்கள், கடைசியில் வருகிற பெயரும் கூடவே மாறிவிட்டது. அப்படியென்றால் தாமதம் ஆளில் இல்லை, சீட்டில் இருக்கிறது. இந்தப் பஸ்ஸுக்கு வாசல் ஒன்றுதான், அதுவும் முன்னால். பின்சீட்டுக்காரர் கடைசியில்தான் இறங்க முடியும். கடைசியில் இறங்கியவர் கழிப்பறை வரிசையில் கடைசியில் நிற்பார். வரிசையில் கடைசியில் நின்றவருக்குச் சாப்பாடும் கடைசியில் வரும். அவர் கடைசியில் ஏறுவார், எல்லோரும் ஏற்கெனவே உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். யாரை அந்த சீட்டில் உட்கார வைத்தாலும் அதே கதைதான்.

இதோடு விஷயம் முடிந்துவிடவில்லை. சீட்டை மாற்றியதும் பழி மாறியது, தாமதம் மாறவில்லை. மதியமும் பஸ் முன்போலவே நின்றது. ஆக, இறங்கும் வரிசைக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறது. அவள் ஓட்டலில் பார்த்ததை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்தாள். பஸ் நின்றதும் எல்லோரும் ஒரே நேரத்தில் கழிப்பறைக்குப் போனார்கள். பெண்களுக்கு இரண்டே அறை. அந்த நேரம் மேஜைகளெல்லாம் காலியாகக் கிடந்தன. ஆண்கள் சீக்கிரம் வந்துவிட்டாலும் ஆர்டர் கொடுக்கவில்லை. குடும்பத்தோடு வந்தவன் மனைவி வருவதற்கு முன்னால் இலையைப் போடச் சொல்ல மாட்டான். அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் மேஜைக்கு வந்தார்கள். பரிமாறும் ஆட்கள் திணறினார்கள். அப்போது கழிப்பறைகள் காலியாகக் கிடந்தன.

ஒன்று நிரம்பி வழியும்போது இன்னொன்று சும்மா கிடக்கிறது. இவர்கள் வேறு எப்படியும் செய்திருக்க மாட்டார்கள். ஷிப்ட் சங்கு ஊதினால் எல்லோரும் ஒன்றாக இறங்கி, ஒன்றாக வரிசையில் நின்று, ஒன்றாகக் கேன்டீனுக்குப் போய்ப் பழகியவர்கள். சென்னைக்குப் போகிற வழியிலும் அதையே செய்தார்கள்.

பஸ் கிண்டியை நெருங்கும்போது எவாஞ்சலின் எழுந்து பின்னால் போனாள்.

"சார், ஒரு விஷயம்."

"மன்னிப்பு கேக்க வந்தியா டீச்சர்?"

"இல்ல சார். லேட்டுக்கு நீங்களும் காரணம் இல்ல, நாங்களும் காரணம் இல்ல."

"அப்ப யாரு, டிரைவரா?"

"எல்லாரும் ஒரே நேரத்துல ஒரே எடத்துக்கு போறதுதான் சார். நீங்க பெல்ட்டு பாக்கறவரு. ஒரு பெல்ட்டு மேல மண்ணு குவிஞ்சு நிக்குது, பக்கத்து பெல்ட்டு வெறுமனே ஓடுதுன்னா என்ன செய்வீங்க?"

"எனக்கே பெல்ட்டு பாடமா?" என்றார் அவர். "இது உன் கிளாஸ் ரூம் கெடையாது. போய் உக்காரு. திருடுன சீட்டுலயே உக்காரு."

"பாதிய பிரிச்சு அனுப்புவீங்க சார். அதான் கேக்கறேன். ஒரு பாதி மொதல்ல டிபன் சாப்பிடட்டும். இன்னொரு பாதி மொதல்ல பாத்ரூம் போகட்டும். அப்புறம் மாத்திக்கலாம்."

"உங்க ஆளுங்க முதல்ல பாத்ரூம் போவாங்க, நாங்க காத்துக் கெடக்கணும். நல்லா இருக்கே!"

"நீங்க போங்க சார். நாங்க மொதல்ல சாப்பிடறோம்."

"அப்ப முதல் சாப்பாடு உங்களுக்கா?"

எந்தப் பக்கம் திருப்பிச் சொன்னாலும் அவருக்கு அதில் ஒரு சூது தெரிந்தது. எவாஞ்சலின் தன் சீட்டுக்குத் திரும்பினாள். அப்போது இசக்கியம்மாள் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னாள்:

"யாரு எங்க வேணா போய்த் தொலையட்டும். அந்தக் கூட்டம் நிக்கிற லைன்ல நான் நிக்க மாட்டேன். மத்தியானம் விசிலடிச்சானுவல்லா, அவனுவ பொண்டாட்டிமாரு மூஞ்சிய லைன்ல நின்னு பாக்கணுமோ? அவங்க பாத்ரூம் போனா நாங்க டிபன் சாப்பிடப் போறோம். அவங்க வெளிய வந்தப்பறம்தான் உள்ள போவோம்."

"போங்க போங்க, உங்க மூஞ்சிய பாக்க இங்க யாரும் தவம் கெடக்கல!" என்று முன்னாலிருந்து பெனடிக்ட் கத்தினான்.

எவாஞ்சலின் அவனை அடக்கவில்லை. கேட்டது கிடைத்துவிட்டது.

பாம்புப் பண்ணை பார்த்து முடித்து, பக்கத்தில் ஒரு ஓட்டலில் நிறுத்தினார்கள். முன்சீட்டுக்காரர்கள் இறங்கி, தலையைத் திருப்பிக்கொண்டு கழிப்பறைப் பக்கம் போனார்கள். பின்சீட்டுக்காரர்கள் இறங்கி, அவர்களை முறைத்துக்கொண்டே மேஜைகளுக்குப் போனார்கள். ஒரு பாதிக்கு மட்டும் தோசை ஊற்ற வேண்டியிருந்ததால் தட்டுகள் உடனே வந்தன. பாதிப் பேர் மட்டும் நின்றதால் வரிசையும் குட்டையாக இருந்தது. இரண்டு கூட்டமும் வாசலில் ஒன்றையொன்று தாண்டி, ஒரு வார்த்தை பேசாமல் இடம் மாறிக்கொண்டன.

டிரைவர் அறிவழகன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். "என்னாங்க, எல்லாரும் ஏறிட்டீங்க? நான் இன்னும் டீ குடிக்கல!"

யாரும் சிரிக்கவில்லை. பஸ் கிளம்பியது. மெரினாவில் இறங்கியபோது வெயில் இன்னும் இருந்தது, கவுண்டரும் திறந்திருந்தது. இரண்டு கூட்டமும் தனித்தனியாக ஏறி, கலங்கரை விளக்கத்தின் மேலே தனித்தனிப் பக்கமாக நின்றன. சிங்காரவேலு துறைமுகத்தைப் பார்த்தார். பெனடிக்ட் சாந்தோம் கோபுரத்தைப் பார்த்தான்.

திரும்பும் வழியில் சிங்காரவேலு மைக்கை எடுத்தார்.

"அடுத்த வருஷமும் பஸ் முழுசாத்தான் வரும்," என்றார். "ரெண்டு கூட்டமும். ஆனா அந்த டீச்சர் சொன்னாங்கங்கறதுக்காக இல்ல."

"வேற எதுக்கு சார்?" என்று பெனடிக்ட் கேட்டான்.

"உன்கிட்ட நான் பேசல வே." மைக்கை இன்னும் கொஞ்சம் கிட்டே பிடித்துக்கொண்டு, ஷிப்ட் ஆரம்பத்தில் வேலை பிரித்துச் சொல்வதைப் போலச் சொன்னார். "போகும்போது ஒரு கூட்டம் முன்னாடி, திரும்பும்போது அடுத்த கூட்டம் முன்னாடி. பஸ் எங்க நின்னாலும் முன்பாதி முதல்ல பாத்ரூம் போகும், பின்பாதி முதல்ல சாப்பிடும். பாதி நேரத்துல மாத்திக்கணும். அவ்வளவுதான்."