மகாராணி நடந்து போனாள்

என் அக்கா பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள். அத்தானுக்குப் பேக்கரியில் ராத்திரி வேலை. நானும் இவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். இவர்களுக்குப் பிறந்த ஒரே பெண்ணை நான் மகாராணி என்றுதான் கூப்பிடுவேன். கால் தரையில் படாமல் வளர்ந்தவளை வேறு எப்படிக் கூப்பிடுவதாம்?

வீட்டு வாசலில் பஸ் ஏறினால் பள்ளிக்கூட வாசலில்தான் இறங்குவாள். அக்கா விடிவதற்கு முன்பே வண்டியை எடுத்தாக வேண்டும். அதனால் முதலில் ஏறுவதும் மகாராணிதான், ஊரெல்லாம் சுற்றி மற்ற பிள்ளைகளை ஏற்றி முடிக்கும்வரை டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் சுருண்டு கிடப்பதும் அவள்தான். காலைச் சாப்பாடு, அத்தான் வேலை முடிந்து கொண்டு வரும் கிரீம் பன். சில நாள் ஒன்று, சில நாள் இரண்டு.

"மத்த பசங்க அடம்பிடிச்சு வாங்கித் தின்றத என் பொண்ணு தினமும் சாப்பிடுறா" என்பது அத்தானின் பெருமை. "மத்த பிள்ளைங்க வேர்த்து விறுவிறுத்து வருதுங்க, என் பொண்ணு கசங்காம போய் இறங்குறா" என்பது அக்காவின் பெருமை. கையில் இருந்ததிலேயே உசத்தியானதைத்தான் இரண்டு பேரும் கொடுத்தார்கள். எதற்கெடுத்தாலும் குறை சொல்லும் எனக்கே இதைக் குறை சொல்ல வாய் வரவில்லை.

ஆனால் மகாராணிக்குப் படிக்க வரவில்லை. மூன்றாம் வகுப்பு. தனித்தனியாகக் காட்டினால் எல்லா எழுத்தும் தெரியும். சேர்த்துப் படிக்கச் சொன்னால் மூன்றாவது எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்து கை நழுவிப் போய்விடும். பிறகு ஒரு பெரிய கொட்டாவி. வகுப்பு டீச்சர் அக்காவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்: வருடக் கடைசியில் தலைமையாசிரியை முன்னால் ஒரு பக்கம் படித்துக் காட்ட வேண்டும், இல்லையென்றால் மறுபடியும் மூன்றாம் வகுப்புதான். மகாராணிக்கு இருப்பதே ஒரு சிநேகிதி.

"மாமா, அவ நாலாவது போயிட்டா நான் யார்கூட உக்காருவேன்?" என்று என்னிடம் கேட்டாள்.

நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவன். உலகத்தில் பாதிப் பிரச்சினைக்குக் கண்தான் காரணம் என்பது என் கட்சி. கடைக்குக் கூட்டிக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்துச் சோதித்தோம். சுவரில் இருந்த கடைசி வரிப் பொடி எழுத்துகளைக்கூட ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டாள். கழுகுக் கண்.

"கண்ணாடி போட்டா சரியாயிடும்னு சொல்லேன்டா" என்று அக்கா அழுதாள்.

"கண்ணு நல்லா இருக்குன்னு சொன்னதுக்கு அழற முதல் ஆள் நீதான்க்கா."

அந்த நேரம் பார்த்து பஸ்ஸின் எஞ்சின் படுத்துவிட்டது. வண்டி பட்டறைக்குப் போனது. முதலாளி அக்காவைத் தற்காலிகமாக ஒரு தொழிற்சாலை பஸ்ஸுக்கு மாற்றினார். பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு வாடகை வேன் வந்தது. அதில் ஏற்கெனவே மூச்சுவிட இடமில்லை. டிரைவர் மகள் என்று சலுகை கேட்க, ஓட்டுவது அம்மாவும் இல்லை.

"உனக்குக் கடை பத்து மணிக்குத்தானே? நீ கூட்டிட்டுப் போ" என்று என் தலையில் கட்டினாள் அக்கா. என்னிடம் வண்டி கிடையாது. தொப்பை உண்டு.

முதல் நாள் தெரு முனையைத் தாண்டுவதற்குள் மகாராணி நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, என்னைத் தூக்கு."

"முதல்ல என்னை யாராவது தூக்கட்டும்."

இரண்டு பேரும் புஸ் புஸ் என்று மூச்சு வாங்கிக்கொண்டு போனோம். பாதி வழியில் அவளுக்குப் பசி வந்துவிட்டது. பன் சாப்பிட்டுத்தான் கிளம்பியிருந்தாள், ஆனாலும் கண் இருட்டுகிறது என்றாள். எனக்குப் பயமாகிவிட்டது. மறுநாள் எனக்குத் தெரிந்த ஒரே சமையலைச் செய்தேன்: முட்டை அவித்தேன். கூடவே வாழைப்பழம், ஒரு கை வேர்க்கடலை.

அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. "என் பன்னுக்கு என்னப்பா குறைச்சல்?"

"குறைச்சலே இல்ல அத்தான். அதனாலதான் அதை நானே சாப்பிட்டுடறேன்."

பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திடீரென்று எதுவும் ஆகவில்லை. முதலில் உட்காருவதை நிறுத்தினாள். பிறகு என் கையை விட்டாள். பிறகு முன்னால் ஓடி, முனையில் நின்று, "ஆமை மாமா, சீக்கிரம் வா" என்று கத்த ஆரம்பித்தாள். ராத்திரி படுத்ததும் தூங்கினாள். காலையில் நான் எழுப்புவதற்கு முன்பே எழுந்து முட்டை ஓட்டை உரித்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் முடிதிருத்தும் கடையைத் தாண்டும்போது, ஓடிக்கொண்டிருந்தவள் தலையைத் திருப்பி, "இங்கு சிறுவர்களுக்கும் முடி வெட்டப்படும்" என்றாள்.

நான் நின்றுவிட்டேன். கடைக்காரர் எதையும் சொல்லவில்லை, பக்கத்தில் வேறு ஆளும் இல்லை. மேலே பலகை இருந்தது. எழுத்துக்கூட்டாமல், விரல் வைக்காமல், கொட்டாவி விடாமல், போகிற போக்கில் படித்துவிட்டுப் போகிறாள்.

"ஏய், நில்லு! இன்னொரு தடவை படி!"

"எதுக்கு? அதான் படிச்சாச்சே" என்று ஓடிவிட்டாள்.

நடுத்தெருவில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். கண்ணுக்கு முன்னால் ஒரு கண்ணாடியை வைத்தால் எழுத்து தெளியும், அது என் தொழில். இவள் முகத்தில் யாரும் எதையும் மாட்டவில்லை. ஒரு முட்டை, ஒரு தெரு, கொஞ்சம் வேர்வை. அவ்வளவுதான் உள்ளே போயிருக்கிறது. அது அந்தச் சின்ன உடம்புக்குள் எந்த வழியாகப் போய், எந்தக் கதவைத் தட்டி, யாரை எழுப்பியது? எழுத்தெல்லாம் முதலிலிருந்தே அவளுக்குள் இருந்திருக்கிறது. அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டியவள்தான் தூங்கிக்கொண்டிருந்தாள். கும்பிட வேண்டும் போல இருந்தது, யாரைக் கும்பிடுவது என்றுதான் தெரியவில்லை.

பள்ளி வாசலில் டீச்சரிடம் கேட்டேன். "நானே சொல்லணும்னு இருந்தேன். இப்பல்லாம் கேள்வி கேட்டே என்னைக் கொல்றா" என்றார் சிரித்துக்கொண்டே.

அக்கா நம்பவில்லை. தொழிற்சாலை பஸ்ஸை விட்டுவிட்டு அவள் வீடு திரும்பும்போது மகாராணி தூங்கியிருப்பாள். "என்னை ஆறுதல்படுத்தப் பார்க்காதடா" என்று படுத்துக்கொள்வாள்.

படித்துக்காட்ட வேண்டிய நாளுக்கு முந்தின நாள்தான் பஸ் பட்டறையிலிருந்து திரும்பியது. அக்கா அதைத் தேய்த்துக் கழுவினாள். டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் புதுத் தலையணை வைத்தாள். மறுநாள் விடியற்காலையில் வாசலில் வண்டியை நிறுத்தி ஹாரன் அடித்தாள். மகாராணி ஷூ மாட்டிக்கொண்டு படியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"அம்மா, நான் மாமாகூட நடந்து வரேன்."

"இன்னிக்கா? களைச்சுப் போயிடுவடி. வந்து ஏறு."

"ஏறினா எனக்குத் தூக்கம் வந்துடும்மா."

அக்காவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. ஊரில் யாருக்கும் கிடைக்காத இடம் என்று அவள் மகளுக்காக வைத்திருந்த இடம் அது. ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினாள். பஸ் எங்களைத் தாண்டி நகர்ந்தது. தெருவிளக்கின் வெளிச்சம் அதன் பின்பக்கத்தில் எழுதியிருந்த வரிகளில் விழுந்தது. எப்போதும் உள்ளேயே இருந்த மகாராணி, அந்தப் பின்பக்கத்தை நின்று பார்த்ததே இல்லை.

"உள்ளே எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பொறுமையாக வாருங்கள்" என்று உரக்கப் படித்தாள் மகாராணி.

பிரேக் விளக்குகள் சிவப்பாக எரிந்தன. அக்கா இறங்கி ஓடி வந்தாள். வந்ததும் என்னைத்தான் முறைத்தாள்.

"நீ சொல்லிக் கொடுத்தியா?"

நான் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினேன்.

"இன்னொரு தடவை படிடி" என்றாள் மகளிடம்.

எனக்காக மறுபடி படிக்காதவள், அம்மாவுக்காக நிறுத்தி நிதானமாகப் படித்தாள். பிறகு கேட்டாள்: "பிள்ளைகள்னா நானுமாம்மா?"

"நீதான்டி. நீ முதல் தடவை இதுல ஏறின அன்னிக்கு எழுத வச்சது" என்று அக்கா நடுரோட்டில் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். பின்னால் வந்த ஒரு வண்டிக்காரர் ஹாரன் அடித்தார், பிறகு அவரும் பொறுமையாக நின்றார். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளின் ஷூ நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டாள்.

"நட. நடந்தே வா. நான் அங்க வந்து நிக்கிறேன்."

பிற்பகலில் தலைமையாசிரியையின் அறைக்கு வெளியே மூன்று பேரும் நின்றோம். தூங்காமல் வந்திருந்த அத்தான் ஒரு டப்பாவை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார். உள்ளே என்ன என்று நான் எட்டிப் பார்த்தேன். அவித்த முட்டைகள், ஓடு உரிக்கும்போது பாதி சதையும் பிய்ந்து போயிருந்தது. பன் கொண்டுவராத அவரை நான் முதல் முறையாகப் பார்த்தேன். கிண்டல் செய்ய மனசு வரவில்லை.

கதவுக்கு அந்தப் பக்கம் மகாராணியின் குரல் தடங்கலில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. அக்கா என் கையை நசுக்கினாள்.

"போதும்மா, ஒரு பக்கம்தானே கேட்டேன்" என்றார் தலைமையாசிரியை.

பக்கம் புரளும் சத்தம் கேட்டது. மகாராணி நிறுத்தவில்லை.