கதவு இல்லாத கூண்டு

லிஃப்ட் மெக்கானிக் வளர்த்த நாய்க்குத் துரை என்று பெயர். நடையும் தோரணையும் அப்படி. அவர் வேலைக்குப் போக ஷூவை எடுத்தாலே போதும், கூப்பிடாமலே தன் கம்பிக் கூண்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். குட்டியில் கரண்ட் ஒயரைக் கடித்து மயிரிழையில் தப்பியதால் வாங்கிய கூண்டு. துரையோ அதைத் தன் சொந்த அறையாகவே பாவித்தது.

ஒருநாள் காலை, வேலை செய்துகொண்டிருந்த இடத்திலேயே மெக்கானிக் வயிற்றைப் பிடித்தபடி சுருண்டு விழுந்தார். குடல்வால் வெடித்திருந்தது. ஆபரேஷன் முடிந்து நினைவு தெளிந்தபோது மறுநாள் மத்தியானம்.

"வீட்ல யாருக்காவது சொல்லணுமா?" என்று நர்ஸ் கேட்டாள்.

"துரை... கூண்டுல இருக்கான்."

மயக்கத்தில் உளறுகிறார் என்று அவள் போர்வையை இழுத்துவிட்டாள்.

"நாயும்மா! நாய்!" என்று அவர் அலறிய பிறகுதான் விஷயம் புரிந்தது.

கூட வேலை செய்பவர் சாவியை வாங்கிக்கொண்டு ஓடினார். முப்பது மணி நேரம் உள்ளே கிடந்திருக்கிறது. ஈறெல்லாம் ரத்தம், இரண்டு நகம் பெயர்ந்திருந்தது. மெக்கானிக் வீடு திரும்பும்வரை அதைத் தன்னோடு வைத்துப் பார்த்துக்கொண்டவரும் அவர்தான்.

வீட்டுக்கு வந்த துரை, கூண்டு இருந்த அறை வாசலிலேயே நின்றுவிட்டது. உடம்பெல்லாம் நடுக்கம். மெக்கானிக்குக்குத் தையல் போட்ட இடத்தைவிட அதுதான் வலித்தது.

"கதவக் கழட்டிடுங்க. உள்ள போறதா வேணாமான்னு அதுவே முடிவு பண்ணட்டும். நீங்க அவசரப்படாதீங்க" என்றார் கால்நடை டாக்டர்.

மூன்று வார லீவு இருந்தது. கூண்டைக் கூடத்துக்கு இழுத்து வந்து, கதவைக் கழற்றினார். சாப்பாட்டுத் தட்டைப் பத்தடி தள்ளி வைத்து, தினமும் ஒரு சாண் நெருக்கினார். கூண்டுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சும்மா பேசிக்கொண்டிருப்பார். லிஃப்டைப் பற்றி, தையல் அரிப்பைப் பற்றி. இவ்வளவு பேசி எத்தனை வருடமாயிற்று என்று அவருக்கே ஞாபகமில்லை. பதின்மூன்றாம் நாள் துரை முன்னங்கால் இரண்டையும் உள்ளே வைத்தது. பதினைந்தாம் நாள் முழுசாகப் படுத்தே விட்டது.

அங்கேதான் அவருக்குப் பொறுமை போயிற்று. லீவு முடியப்போகிறதே என்று பதினாறாம் நாள் கதவை மாட்டிச் சாத்தினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. துரை ஊளையிட்ட ஊளையில் அவர் கதவுக்குப் பாய்ந்தார். திறந்ததும் கட்டிலுக்கடியில் போய்ப் புகுந்துகொண்டது. அவரும் தரையில் குப்புறப் படுத்து, "மன்னிச்சிக்கடா" என்று சொல்லிக்கொண்டே கிடந்தார். சாயங்காலம்வரை அது வெளியே வரவில்லை.

கூண்டையே குறை சொல்லிப் பயனில்லை என்று அன்றைக்குத்தான் உறைத்தது. தனக்கு ஏதாவது ஆனால் இந்த வீட்டுக் கதவைத் தட்ட ஓர் ஆள் கிடையாது. மறுநாள் எதிர்வீட்டுக்குப் போய் மணியை அடித்தார். ஆறு வருடத்தில் அதுதான் முதல் தடவை. தையற்காரம்மா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடி வந்து திறந்தாள்.

"ஒரு உதவி. எங்கிட்ட ஒரு சாவி கூடுதலா இருக்கு. சாயங்காலம் ஏழு மணிக்கு மேல நான் வரலேன்னா, உள்ள போய்ப் பாக்க முடியுமா?"

"துரையத்தானே? பாத்துக்கறேன். உங்க பேருதான் எனக்குத் தெரியாது."

கூண்டுக் கதவைத் திரும்பக் கழற்றியவர், அதற்குப் பிறகு மாட்டவே இல்லை. ஒயர்களையெல்லாம் குழாய்க்குள் செருகிச் சுவரோடு அடித்துவிட்டார். துரை நினைத்தால் கூண்டில் படுக்கும், இல்லையென்றால் வாசற்படியருகே. கதவுள்ள கூண்டுக்குள் அது இனி ஒருநாளும் போகாது என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது.

வேலைக்குப் போன முதல் நாள் மத்தியானம் தையற்காரம்மாவுக்குப் போன் போட்டார்.

"சத்தம் ஏதாவது கேக்குதா?"

"ஒண்ணுமில்லீங்க. தூங்குது போல."

அவர் போனை வைக்கவில்லை. அவளும் போனை வைக்காமலே தைக்கத் தொடங்கியிருந்தாள். மெக்கானிக் லிஃப்ட் அறைப் படியில் உட்கார்ந்து, போனில் தையல் மெஷின் ஓடும் சத்தத்தைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார்.