உப்பு கரைந்த இடம்

கடலில் எடுத்த கற்களை என் தம்பி தன் வளர்ப்பு மீன் கடையில் விற்கிறான். எங்கள் மீன் தொட்டிக்குக் கைப்பிடி அளவில் ஒன்றைக் கொடுத்துவிட்டு, "மீதியை நீங்களே செஞ்சுக்கோங்க மாமா. அச்சும் வார்ப்பும்தானே உங்க பொழப்பு," என்றான்.

உண்மைதான். என் கணவரும் நானும் செயற்கைப் பல் செய்யும் ஒரே பல் கூடத்தில் வேலை பார்க்கிறோம். மருத்துவர்கள் அனுப்பும் வாய் அச்சுகளில் நான் சாந்து ஊற்றி மாதிரி எடுப்பேன். அவர் அதன்மேல் மெழுகில் பல் செதுக்குவார். அந்த மெழுகைச் சுற்றிச் சாந்தை இறுகவிட்டுச் சூளையில் வைத்தால், மெழுகு உருகி ஓடிவிடும். அது இருந்த இடம் மட்டும் உள்ளே நிற்கும். அங்கே உலோகத்தை வார்ப்பார். பொருள் போன பிறகும் அதன் இடம் கச்சிதமாக இருக்கும் என்பதை நாங்கள் தினமும் பார்க்கிறோம்.

மருத்துவமனையிலிருந்து நான் வயிறு ஒட்டித் திரும்பி வந்த அடுத்த வாரம் அவர் கண்ணாடித் தொட்டியை வாங்கி வந்தார். "வீட்டுல ஏதாவது உயிரா இருக்கட்டும்," என்றார். நாலு மாதம் என்னுள் இருந்து கலைந்துபோனதைப் பற்றி அவர் சொன்னது அவ்வளவுதான். பிறகு அவர் உப்புநீர் மீன்களைப் பற்றிப் பேசினார். நான் உம் கொட்டினேன்.

கல் செய்வது கஷ்டமில்லை. வெள்ளை சிமெண்டையும் சிப்பித் தூளையும் கல்லுப்பையும் கெட்டியாகப் பிசைந்து, ஈர மணலில் குழி பறித்து அப்ப வேண்டும். இறுகியதும் நல்ல தண்ணீரில் ஊறப்போட்டு, தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் உப்பெல்லாம் கரைந்து வந்துவிடும். கல் பொந்தும் புழையுமாக நிற்கும். மீனைக் கொல்லும் சிமெண்டின் காரமும் மெல்லப் போய்விடும்.

அவர் வீட்டில் இல்லாத ஒரு மத்தியானம், பால்கனியில் உட்கார்ந்து நான் தனியாக ஒரு கல் செய்தேன். பரங்கிக்காய் பருமன். சிமெண்டை அப்புவதற்கு முன்னால், தூள் உப்பில் கொஞ்சம் மாவு சேர்த்துப் பிசைய ஆரம்பித்தேன். என் கை என்ன செய்கிறது என்று தெரிந்தது. தடுக்கவில்லை. பெரிய தலை, வளைந்த முதுகு, மடங்கிய கால்கள். கண்ணும் வாயும் வைக்கவில்லை. ஸ்கேனில் அவை எனக்கு அடையாளம் தெரிந்ததே இல்லை. உள்ளங்கைக்குள் அடங்கிய அதைக் கல்லின் நடுவில் வைத்தேன். பிறகு அதன் வயிற்றிலிருந்து கல்லின் வெளிப்புறம்வரை, விரல் தடிமனில் ஓர் உப்புத் தண்டு வைத்து மூடினேன்.

தண்டு வைத்தது தொழில் பழக்கம். உள்ளே இருப்பது வெளியேற வழி வைக்காமல் எங்கள் கூடத்தில் யாரும் எதையும் மூடமாட்டார்கள். மெழுகு வெளியேறிய அதே வழியாகத்தான் நாங்கள் வேறொன்றை உள்ளே ஊற்றுகிறோம் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

உப்பு போனது. காரம் போனது. அவர் கற்களைத் தொட்டியில் அடுக்கி, தம்பி கொடுத்த கடல் கல்லை என் கல்லுக்குப் பக்கத்தில் வைத்தார். மாதங்கள் போகப்போக வெள்ளைக் கற்களின்மேல் ஊதா நிறப் பாசி படர்ந்தது. மற்ற கற்களில் திட்டுத் திட்டாக. என் கல்லில் அந்தத் துவாரத்தைச் சுற்றி மட்டும், உதட்டைப்போல.

தொட்டியில் விட்டிருந்த நத்தைகள் குறைந்தன. காலி ஓடுகள் துவாரத்தின் வாசலில் ஒழுங்காகக் குவிந்திருந்தன. அப்புறம் மீன்கள்.

"வாடகை குடுக்காம ஒருத்தன் குடியிருக்கான் மாமா," என்றான் தம்பி. "புழுவா இருக்கும். கடல் கல்லுல ஒட்டிக்கிட்டு வந்திருக்கும்."

"உன் கடைச் சரக்குதானே. உன்ன மாதிரியே ஓசிச் சாப்பாடு," என்றார் கணவர்.

நான் சிரிக்கவில்லை. அவர் குளிக்கப் போகும் நேரங்களில் இடுக்கியில் இறால் துண்டை வைத்துத் துவாரத்தில் நீட்டுவேன். உள்ளிருந்து ஒன்று அதை வாங்கிக்கொள்ளும். பிடுங்காது. ஒருநாள் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு விரலை விட்டேன். ஈரமாக, எலும்பில்லாமல் ஒன்று விரலைச் சுற்றி மூடிக்கொண்டு சப்பியது. வலிக்கவில்லை. எப்போதோ வற்றிய என் மார்பு கடுத்தது.

தொட்டி வந்து ஒரு வருஷம் ஆகப்போன சமயம், மீன்கள் எல்லாம் தீர்ந்ததும் அவர் முடிவு செய்துவிட்டார். "ஞாயித்துக்கிழமை அந்தக் கல்லை ஒடைச்சிடலாம்."

"ஒடைக்கணுமா?"

"வேற கல்லு செஞ்சுக்கலாம்மா. கல்லுதானே."

அந்தக் கல்லுக்குள் தவிர உலகத்தில் வேறெங்கும் அதற்கு இடம் இல்லை. உடைந்தால் அந்த இடமும் போய்விடும். நான் சுமந்தேன் என்பதற்கு ஒரு குழிகூட மிஞ்சாது.

ஞாயிற்றுக்கிழமை தம்பி வந்தான். கல்லைத் தூக்கி நல்ல தண்ணீர் வாளியில் முக்கினான். "உப்பில்லாத தண்ணி பட்டா எந்தப் புழுவும் அலறி அடிச்சிக்கிட்டு வெளிய வந்துடும். அப்புறம் ஒடைக்கறதா வேண்டாமான்னு பாத்துக்கலாம்."

காத்திருந்தோம். ஒன்றும் வரவில்லை. ஒரு குமிழிகூட இல்லை. டார்ச் அடித்துப் பார்த்தான்.

"காலியா இருக்கு மாமா."

"அப்ப மீனெல்லாம் எங்கடா போச்சு?"

"அக்கா வறுத்துட்டாளோ என்னவோ," என்றான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டான்.

கணவர் துவாரத்தில் கம்பியை விட்டுப் பார்த்தார். கம்பி முழுதும் உள்ளே போனது. அவர் முகத்தில் தொழில்காரரின் ஆர்வம் வந்தது. "இவ்வளவு பெரிய பொந்து எப்படி வந்துச்சு? அச்சு எடுத்துப் பாக்கறேன், இரு."

கல்லைக் கவிழ்த்துத் தண்ணீரை வடித்துவிட்டு, பல் கூடத்து அச்சு ரப்பரைக் கலக்கித் துவாரத்தில் ஊற்றினார். சர்பத் மாதிரி ஓடி, சற்று நேரத்தில் இறுகிவிடும் ரப்பர். ஒரு கிண்ணம் போதும் என்று நானும் நினைத்தேன். நான் வைத்த உப்பு ஒரு பிடிதானே. முதல் கிண்ணம் சத்தமில்லாமல் உள்ளே போனது. இன்னொன்று கலக்கினார். அதுவும் போனது. அடுத்ததை ஊற்றும்போது அவர் கை மெதுவாகிவிட்டது. ஒருவழியாகத் துவாரத்தின் விளிம்பில் ரப்பர் எட்டிப் பார்த்தது.

"உள்ள என்ன வச்சே?" என்றார்.

திட்டுவது போலக் கேட்கவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது. "நம்மளோடதை. உப்புல செஞ்சு வச்சேன்."

அவர் ரப்பர் இறுகியதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு உளியை எடுத்து வந்தார். "ஒடைக்கட்டுமா?" என்று கேட்டார். இந்தத் தடவை உத்தரவு கேட்டார்.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அத்தனை கிண்ணம் குடித்த அந்த வடிவத்தைப் பார்க்காமல் என்னால் இருக்க முடியாது என்று அப்போதுதான் தெரிந்தது. கல்லை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டேன். அவர் உளியை வைத்துச் சுற்றிலும் மெல்லத் தட்டினார். கல் இரண்டாகப் பிளந்தது.

உள்ளே இருந்த ரப்பர் உருவம் நான் செய்தது இல்லை. நான் வளைத்து வைத்த முதுகு நிமிர்ந்திருந்தது. மடக்கி வைத்த கால்கள் முன்னால் நீண்டு, அது உட்கார்ந்திருந்தது. கழுத்து நின்றிருந்தது. தொடையில் மடிப்பு இருந்தது. உருவம் சின்னது, இரண்டு உள்ளங்கைக்குள் கொள்ளும். ஆனால் வயது சரியாக இருந்தது. தங்கியிருந்தால் இன்றைக்கு என்ன வயதோ அந்த வயது.

அவர் அதை வெளிச்சத்துக்குத் தூக்கினார். நான் வைக்காத வாய் லேசாகத் திறந்திருந்தது. வேலை நேரத்தில் அச்சைப் பார்ப்பதைப் போலக் கண்ணைச் சுருக்கி அதற்குள் பார்த்தார். சுண்டுவிரல் நுனியால் கீழ் ஈறைத் தடவினார்.

"தடிச்சிருக்கு," என்றார். "முன்னால ரெண்டு. இன்னும் கொஞ்ச நாள்ல பல் முளைச்சிடும்."

"பையனா?"

அவர் அதைத் திருப்பிப் பார்த்தார். "பொண்ணு."

அவர் அழுதார். அன்றைக்கு மருத்துவமனையில் அழாத மனிதர். நான் அவர் தலையைப் பிடித்துக்கொண்டேன். என் புடவையில் பிளந்த கல்லின் தூள் ஒட்டியிருந்தது. கல்லின் உள்பக்கம் சுத்தமாக, எச்சில் பட்டதைப்போல வழவழப்பாக இருந்தது.

பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். கல்லின் இரண்டு பாதிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். பிரித்தார். மறுபடி சேர்த்தார்.

"இடமே பத்தல பாரு. கால நீட்டிட்டா தலை இடிக்குது."

மணல் தொட்டியை இழுத்தார். குழியை அகலமாகப் பறித்தார், இந்தத் தடவை அவள் எழுந்து நிற்கிற உயரத்துக்கு. நான் உள்ளே போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தேன்.