அரம் போட்ட ஃபின்

அலைச்சறுக்குப் பலகையின் அடியில் மீன் துடுப்புபோல நீட்டிக்கொண்டிருக்கும் மூன்று ஃபின்களையும் கலைச்செல்வி அரத்தால் ராவிக் கூராக்கியிருந்தாள். புதுப் பலகை வாங்கினால் ஆளை அறுக்காதபடி ஃபின் ஓரத்தை மழுக்குவதுதான் கோவளத்தில் வழக்கம். இவள் தலைகீழாகச் செய்தாள். கோபம் கண்ணை மறைத்துவிட்டது, வேறென்ன?

கோபம் போட்டிக்கு வரும் அஸ்வதி மேல். அலை உடையும் இடத்துக்குப் பக்கத்தில் யார் முதலில் பலகைமேல் எழுகிறாளோ, அலை அவளுக்குத்தான். மற்றவள் குறுக்கே வந்தால் புள்ளி போகும். அஸ்வதி இரண்டு போட்டிகளில் குறுக்கே வந்தாள். நடுவர்கள் பார்க்கவில்லை. இரண்டாவது முறை கலைச்செல்வியின் முன்பல் பாறையில் உடைந்தது. இன்று இறுதிச் சுற்று. ஜெயித்தால் இந்திய அணி. தோற்றால் அம்மாவைப் போல ஹோட்டலில் படுக்கை விரிக்கப் போக வேண்டியதுதான்.

கடைசி நிமிடத்தில் பெரிய அலை வந்தது. கலைச்செல்வி எழுந்தாள். அஸ்வதி வெட்கமில்லாமல் மறுபடியும் குறுக்கே பாய்ந்தாள். "விலகுடி" என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடவில்லை. அவள் முதுகைக் குறிவைத்துப் பலகையைத் திருப்பினாள்.

அஸ்வதி திரும்பிப் பார்த்து, தண்ணீருக்குள் குதித்துவிட்டாள். பலகைகள் மோதின. கலைச்செல்வியின் பலகை எகிறிப் பறந்தது. காலில் கட்டியிருந்த ரப்பர் கயிறு நீண்டு, அதே வேகத்தில் பலகையை அவளிடமே சுண்டி இழுத்தது. ஃபின் குதிகால் நரம்பில் இறங்கியது.

மேலே வந்த அஸ்வதி அவள் முடியைப் பிடித்து இழுத்துச் செவிட்டில் ஓங்கி ஒன்று விட்டாள். அப்புறம்தான் தண்ணீர் சிவப்பதைப் பார்த்தாள். தன் கயிற்றைக் கழற்றி அவள் தொடையில் இறுக்கிக் கட்டினாள். கரைக்கு இழுத்து வந்தாள்.

மணலில் பலகை கவிழ்ந்து கிடந்தது. அஸ்வதி ஃபின்னைத் தடவினாள். அது கட்டைவிரலைக் கீறியது.

"எனக்காகவா தீட்டினே?"

"ஆமா."

"கழுத்துக்கோ?"

"எங்க பட்டாலும் போதும்னு இருந்தேன்."

அஸ்வதி விரலைச் சூப்பினாள். மைக்கில் அறிவிப்பு வந்தது: குறுக்கே வந்ததற்காக அஸ்வதிக்குப் புள்ளி குறைப்பு, கலைச்செல்வி வெற்றி, இந்திய அணியில் இடம்.

"எழும்பிக் கையைக் காட்டு, கேட்டோ. ஜெயிச்சது நீயாக்கும்."

கலைச்செல்வி அவள் தோளைப் பிடித்து எழுந்து காலை ஊன்றப் பார்த்தாள். பாதம் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இந்தக் காலோடு இனி எந்தப் பலகையில் நிற்பது என்று நினைத்ததும், அத்தனை பேர் கைதட்டலுக்கு நடுவே வாய்விட்டு அழுதாள்.