அஞ்சாம் நாள் டிக்கெட்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகாலுக்கு, ஒரகடத்தில் அந்தத் தொழிற்சாலையின் கேன்டீன் டிவியில் நியூஸிலாந்தின் ஆறாவது விக்கெட் விழுந்தது. சாம்பார் சாதத் தட்டோடு உட்கார்ந்திருந்த நாற்பது பேரும் மேசையைத் தட்டினார்கள். இசைவாணி மட்டும் கையில் எடுத்த கவளத்தைத் தட்டிலேயே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஏட்டி, ஜெயிக்கப்போறது நம்ம ஆளுவதான? பொறவு ஏன் மொகரைய இப்படி வச்சிருக்க?" என்றாள் பக்கத்திலிருந்த மாடத்தி. இருவரும் ஒரே லைனில் சர்க்யூட் போர்டு சோதிக்கிறவர்கள். மாடத்திக்குச் சங்கரன்கோவில் பக்கம். கிரிக்கெட்டில் அவளுக்குத் தெரிந்ததெல்லாம் இசைவாணி சொல்லிக்கொடுத்ததுதான்.

"இன்னும் நாலு விக்கெட்டுதான் கீதுக்கா. இன்னிக்கே முடிச்சிடுவானுங்க."

"முடிச்சா நல்லதுதான?"

"இன்னிக்கு முடிஞ்சா நாளைக்கு மேட்ச் இல்ல."

மாடத்தி சாப்பிடுவதை நிறுத்தினாள். அவளுக்கு விஷயம் தெரியும். இசைவாணியின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டைப் பையில், அட்டைக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த காகிதத்தை ஒருமுறை பார்த்தாள். சேப்பாக்கம் மைதானம், ஐந்தாம் நாள், திங்கட்கிழமை. அதற்காகத்தான் இசைவாணி தன் வார விடுமுறையை லைனில் கூட வேலை பார்க்கும் கங்காவோடு மாற்றிக்கொண்டு இன்று வேலைக்கு வந்திருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால், வீட்டில் ஒரு கசப்பும் இல்லாத நாளில், அவள் கணவன் டில்லிபாபு வாங்கி வந்த இரண்டு டிக்கெட்டில் ஒன்று அது. அடுத்தடுத்த இருக்கைகள். ஆளுக்கு ஒன்றாக அடையாள அட்டைக்குப் பின்னால் வைத்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் மொத நாள் வாங்குவாங்க, நீ போயி அஞ்சாம் நாளுக்கு வாங்கினு வந்துகிறியே மாமா" என்று அன்று சிரித்தாள்.

"டெஸ்ட்டுன்னா அஞ்சாம் நாள்தான் வாணி. பிட்ச் ஒடைஞ்சிருக்கும், ஆளுங்களும் ஒடைஞ்சிருப்பானுங்க. அப்ப எவன் நிக்கிறான்னு பாக்கணும்."

"அதுவரைக்கும் போவலன்னா?"

"போவும்."

அவர்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடம். டில்லிபாபு கார் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தான். இருவருக்கும் வாரத்துக்கு வாரம் ஷிப்ட் மாறும். சில வாரங்களில் படப்பை பஸ் நிறுத்தத்தில், அவள் இறங்கும்போது அவன் ஏறுவான், அவ்வளவுதான் குடித்தனம். டெஸ்ட் நடக்கும் நாட்களில் பிரிட்ஜ் கதவில் ஒட்டிய வெள்ளைப் பலகையில், வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் வருகிறவருக்காக ஸ்கோரை எழுதி வைக்க வேண்டும். அது அவர்களுடைய சட்டம். டில்லிபாபு வெறும் ஸ்கோரை எழுதமாட்டான். "212/4. மோர் கீது." "எல்லாம் காலி. சாப்ட்டுத் தூங்கு." அந்த எழுத்தைப் பார்த்துக்கொண்டே மோர் குடித்த இரவுகளில் அவன் எதிரில் உட்கார்ந்திருப்பதாகவே அவளுக்குத் தோன்றும்.

அந்த மனுஷன்தான், குஜராத்தில் கம்பெனி புதிதாகத் திறக்கும் இடத்துக்கு இரண்டு வருடத்துக்கு ஆள் கேட்டபோது, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் பேர் கொடுத்துவிட்டான். பஸ்ஸில் யாரோ வாழ்த்துச் சொல்லித்தான் அவளுக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து கத்தினாள். சொல்லலாம் என்று இருந்தேன், நேரம் அமையவில்லை என்றான் அவன். "போ. போனா அப்படியே போயிடு. திரும்பி வராத" என்று அவள் சொன்ன பிறகு அவன் பையை எடுத்தான். போகும்போது பிரிட்ஜ் பக்கத்தில் நின்று, போன டெஸ்ட்டிலிருந்து அழிக்காமல் வைத்திருந்த ஸ்கோரை உள்ளங்கையால் துடைத்துவிட்டுப் போனான். பை எடுத்ததைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பலகையைத் துடைத்ததைத்தான் தாங்க முடியவில்லை.

இரண்டு முறை போனில் பேசினார்கள். இரண்டு முறையும் மன்னிப்பில் ஆரம்பித்துச் சண்டையில் முடிந்தது. "போன்ல நாம பேச வேணாம் வாணி" என்று வைத்துவிட்டான். ஸ்ரீபெரும்புதூரில் அவன் தங்கியிருந்த லாட்ஜுக்கே போனாள். பெண்களை மேலே விடமாட்டார்கள். அவன் கீழே இறங்கி வந்தான். கூட வேலை பார்க்கும் ஏழெட்டுப் பேர் படிக்கட்டில் நின்று எட்டிப் பார்த்தார்கள். சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டே, "செவ்வாக்கெழம விடியக்காலம் ஃப்ளைட்டு" என்றான். அவ்வளவு பேருக்கு முன்னால் என்ன பேசுவாள்? தலையை ஆட்டிவிட்டுத் திரும்பினாள்.

ஆக, மிச்சமிருந்தது திங்கட்கிழமை ஒன்றுதான். டில்லிபாபு எதை விட்டாலும் அஞ்சாம் நாளை விடமாட்டான். பக்கத்து நாற்காலி, ஆறு மணி நேரம். எழுந்து எங்கே போவான்? அந்த ஆறு மணி நேரத்தில், "நான் சொன்னத நான் வாபஸ் வாங்கிக்கறேன்" என்ற ஒரு வாக்கியத்தைச் சொல்ல எங்காவது இடம் கிடைக்காதா?

இந்தியா தோற்ற ராத்திரி சோறு இறங்காமல் படுத்த பெண் அவள். இன்று எதிரணியின் கடைசி நான்கு விக்கெட்டுக்காகப் படப்பைக் கோவில் அம்மனிடம் மனசுக்குள் வேண்டிக்கொண்டிருந்தாள்.

சாப்பிட்டுவிட்டு லைனுக்குத் திரும்பினார்கள். அங்கே போன் கிடையாது. வாசலிலேயே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். மெயின்டனன்ஸ் யாக்கோபுக்கு மட்டும் போன் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. அவர் கண்ணாடிக்கு வெளியே நடந்து போகும்போது விரல் காட்டுவார். விழுந்த விக்கெட் எத்தனையோ அத்தனை விரல். ஒரு மணிக்கு ஆறு விரல். ஒன்றே முக்காலுக்கும் ஆறே. அவளுக்கு மூச்சு சீராக வந்தது. இரண்டு மணிக்கு அவர் சிரித்துக்கொண்டே வந்தார். ஒரு கையில் ஐந்து, மறு கையில் மூன்று. ஒரே ஓவரில் இரண்டு பேர் போயிருந்தார்கள்.

"பாத்து எடுட்டி" என்று மாடத்தி அவள் கையைப் பிடித்தாள். சரியான போர்டை இசைவாணி பழுதானவற்றின் தட்டில் வைத்திருந்தாள். எடுத்து மாற்றி வைத்தாள்.

நாலேகாலுக்குக் கம்பெனி பஸ் கிளம்பியது. போன் கைக்கு வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்து ஆட்டத்தைப் போட்டாள். எட்டு விக்கெட்தான். ஒன்பதாவது ஜோடி இருபது ஓவராக நிற்கிறது. முகம் தெரியாத அந்த நெட்டையன் ஒவ்வொரு பந்தையும் காலடியிலேயே செத்து விழ வைத்தான். அவனுக்கு அவள் மனசுக்குள் திருஷ்டி கழித்தாள்.

டிரைவர் திருமலை தன் இருக்கை பக்கத்தில் ரேடியோ வர்ணனை வைத்திருந்தார். அதில்தான் சிக்கல். போனில் படம் வருவதற்கு அரை நிமிடம் முன்னாலேயே ரேடியோவில் விஷயம் வந்துவிடும். போனில் பந்து வீச்சாளர் இன்னும் சட்டையில் பந்தைத் தேய்த்துக்கொண்டே நடக்கும்போது, பஸ்ஸின் முன்பக்கம் "ஏய்" என்று ஒரு கூச்சல் எழுந்தது.

இனி நடக்கப்போவது ஏற்கனவே நடந்து முடிந்துவிட்டது. அவளுக்கு மட்டும்தான் இன்னும் நடக்கவில்லை. அவன் ஓடி வந்தான், பந்து எழும்பியது, நெட்டையனின் கையுறையில் பட்டு ஸ்லிப்புக்குப் போனது. ஒன்பது.

"முடிஞ்சது கதை. நாலரைக்குள்ள பேக் பண்ணிடுவானுங்க" என்றார் திருமலை.

முடியவில்லை. பதினோராம் ஆள் பேட்டைப் பிடித்த விதமே துடைப்பம் பிடித்த மாதிரி இருந்தது. ஆனாலும் நாலரை வரை நின்றுவிட்டான். இசைவாணி முதல் முறையாக முதுகைச் சாய்த்தாள். அப்போதுதான் இந்தியக் கேப்டன் நடுவரிடம் நடந்து போனார். இன்னும் ஒரு விக்கெட்தான் என்றால் அரை மணி நேரம் கூடுதலாக ஆடவிடலாம் என்ற விதி அவளுக்கும் தெரியும். டில்லிபாபுதான் சொல்லிக்கொடுத்திருந்தான். நடுவர் தலையாட்டினார்.

அந்த அரை மணி நேரத்தில் ஒரகடம் சந்திப்பு நெரிசலில் பஸ் நகரவே இல்லை. முன்பக்கம் கூச்சல் எழும். அவள் போனை இன்னும் கிட்டே பிடிப்பாள். அரை நிமிடம் கழித்து, பந்து விளிம்பில் பட்டும் கைக்கு எட்டாமல் போனது தெரியும். மறுபடி கூச்சல். எல்.பி.டபிள்யூ. நடுவர் கையைத் தூக்கவில்லை. ரிவ்யூ கேட்டார்கள். பந்து போயிருக்கும் பாதை திரையில் வரும் முன்பே முன்பக்கம் "ச்சே" என்றது. அந்த ஒரு "ச்சே"வுக்காக அவள் அத்தனை பேரையும் கும்பிட்டிருப்பாள். அப்புறம் போனில் படம் நின்றுபோனது. வட்டம் சுற்றியது. எழுந்து பஸ்ஸின் முன்பக்கம் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரேடியோவின் அருகிலேயே நின்றாள்.

"இன்னாம்மா, நீயும் நம்ம கட்சியா?" என்றார் திருமலை.

"இல்லண்ணே" என்றாள். அவருக்குப் புரியவில்லை.

ஐந்து மணிக்கு ஸ்டம்ப்பை எடுத்தார்கள். நூற்று எண்பத்தேழுக்கு ஒன்பது. பஸ் முழுக்க அலுத்துக்கொண்டது. "ஒரு விக்கெட்டுக்கு நாளைக்கு எவன்யா போவான்?" என்றார் யாரோ. படப்பையில் இறங்கி நடக்கும்போது அந்தக் கேள்வி அவள் கூடவே வந்தது. ஆமாம், எவன் போவான்? ஒரு பந்தில் முடியலாம். டில்லிபாபு பைத்தியம்தான், அந்த அளவுக்குப் பைத்தியமா?

வீட்டில் பிரிட்ஜ் முன்னால் நின்றாள். இரண்டு வாரமாகத் துடைத்தபடி கிடந்த பலகை. மார்க்கரை எடுத்து எழுதினாள். "187/9. நாளைக்கு இருக்கு. மோர் இல்ல." யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்டுக்கொள்ளாமல் எழுதினாள்.

காலை ஆறரைக்குக் கிளம்பி, தாம்பரத்தில் ரயில் ஏறி, ஒன்பது மணிக்கு சேப்பாக்கத்தில் தன் நாற்காலியில் இருந்தாள். அத்தனை பெரிய ஸ்டாண்டில் ஆங்காங்கே இருநூறு பேர் இருந்தால் அதிகம். பக்கத்து நாற்காலி காலி. ஒன்பதேகால். ஒன்பதரை. ஆட்டக்காரர்கள் இறங்கினார்கள். அவள் ஆடுகளத்தைவிட படிக்கட்டு வாசலையே அதிகம் பார்த்தாள். ஒவ்வொரு தலை தெரியும்போதும் பாதி எழுந்து மறுபடி உட்கார்ந்தாள். தண்ணீர் பாட்டில்காரர். ஒரு போலீஸ்காரர். கொடி போர்த்திய இரண்டு பையன்கள்.

முதல் ஓவர் போனது. இரண்டாவது ஓவரின் ஐந்தாவது பந்தில் ஸ்டம்ப் பெயர்ந்தது. சத்தம் அவள் இருந்த இடம்வரை கேட்டது. இங்கே ரேடியோ இல்லை, அரை நிமிடம் இல்லை. நடந்ததும் தெரிந்ததும் ஒரே நொடி. இந்தியா ஜெயித்தது. இருநூறு பேரும் கத்தினார்கள். கை குலுக்கினார்கள். பத்து நிமிடத்தில் ஸ்டாண்ட் ஏறக்குறையக் காலியானது.

அவள் எழவில்லை. எழுந்தால் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அழுகை வரும் என்று எதிர்பார்த்தாள், அதுகூட வரவில்லை. அட்டைப் பையிலிருந்த கிழிந்த டிக்கெட்டை எடுத்து மடியில் வைத்து நீவிக்கொண்டிருந்தாள்.

பத்து மணி தாண்டி, படிக்கட்டில் யாரோ இரண்டிரண்டு படியாக ஏறும் சத்தம் கேட்டது. டில்லிபாபு. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மைதானத்தைப் பார்த்தான். ஊழியர்கள் பிட்ச்சை மூடிக்கொண்டிருந்தார்கள். பிறகு அவளைப் பார்த்தான்.

"முடிஞ்சிடுச்சா?"

"ம்."

"எத்தினி பால்?"

"பதினொண்ணு."

தன் நாற்காலியில் வந்து உட்கார்ந்தான். மூச்சு வாங்கியது. "வூட்டாண்ட போயிருந்தேன். ஒரு விக்கெட்டுக்கு நீ கெளம்ப மாட்ட, கூட்டினு வரலாம்னு. பூட்டிக் கெடந்துச்சு. பால் வாங்கப் போயிருப்பன்னு வாசல்லயே ஒரு மணி நேரம் நின்னேன். அப்பறம்தான் சாவி போட்டு உள்ள போனேன்." கொஞ்சம் நிறுத்தினான். "போர்டப் பாத்தேன்."

"போன் பண்ணியிருக்கலாம்ல."

"பண்ணா சண்டதான வருது."

அவள் மடியிலிருந்த டிக்கெட்டை மடித்தாள். ரயிலில் தாம்பரத்திலிருந்து மனசுக்குள் எழுதி எழுதித் திருத்திய வாக்கியம் இன்னும் சொல்லாமலே இருந்தது. கீழே கம்பெனிப் பெயர் போட்ட தட்டிகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அஞ்சே முக்காலுக்கு ஃப்ளைட்டு" என்றான், அவளைப் பார்க்காமல்.

"தெரியும்."

ஸ்டாண்டின் அந்தக் கோடியில் காவலாளி ஒருவர் விசில் ஊதி, மிச்சமிருந்தவர்களை வெளியேறச் சொல்லிக்கொண்டே வரிசை வரிசையாக இறங்கி வந்தார். டில்லிபாபு அதைக் கவனித்தான். ஆனால் எழவில்லை. முழங்கையை முழங்காலில் ஊன்றிக்கொண்டு, ஆடுகளத்தையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"சொல்லு. மொத பால் இன்னா ஆச்சு?"

அவள் அவனைப் பார்த்தாள். அவன் கேட்பது முடிவை அல்ல என்று புரிந்தது.

"மொத பால்..." என்று ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. பேட்ஸ்மேன் வந்து நின்றதும் க்ளவுஸை இரண்டு முறை கழற்றி மாட்டியது, எதிர்முனையில் நெட்டையன் இல்லாமல் வேறொருவன் நின்றது, பந்து வீச்சாளர் ஓடி வரத் தொடங்கி பாதியில் நின்று மறுபடி திரும்பிப் போனது எல்லாவற்றையும் சொன்னாள். "ஆஃப் ஸ்டம்புக்கு வெளிய போச்சு. விட்டுட்டான்."

"தைரியசாலிதான்" என்றான் டில்லிபாபு. "ரெண்டாவது?"

அவன் முழங்கை அவளுடையதைத் தொட்டுக்கொண்டிருந்தது. எடுக்கவில்லை. "நான் அன்னிக்கு சொன்னது..." என்றாள்.

"அது அப்பறம். ரெண்டாவது பால சொல்லு."

சொன்னாள். இன்னும் மெதுவாகச் சொன்னாள். காவலாளி மூன்று வரிசை தள்ளி நின்று விசிலை உதட்டில் வைத்தபடி இவர்களைப் பார்த்தார். ஊதவில்லை. இன்னும் ஒன்பது பந்து இருந்தது.