இரண்டு டின் கடல் தண்ணீர்

"அத எடுக்காதீங்க, அது கடத்தண்ணி" என்றாள் அமீருன்னிசா.

மய்யித்தைக் குளிப்பாட்டத் தண்ணீர் சேர்த்தவர்கள் வாசலில் இருந்த டின்னைத் தூக்கியிருந்தார்கள். காலையில் அவள் கணவர் இஸ்மாயில் கடற்கரையில் விழுந்து இறந்ததும், அவரைச் சுமந்து வந்த மீன்காரர்கள் அவருடைய இரண்டு டின்களையும் மறக்காமல் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். ஒன்று நிறைந்திருந்தது. மற்றதில் பாதி சிந்தியிருந்தது.

கடலூர் துறைமுகத்தில் சுங்கப் படகு ஓட்டி ஓய்வு பெற்ற மனிதருக்குக் கடலைப் பார்த்தது போதவில்லை. கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்தார். அதில் நாலு விரல் மணல், கடல் தண்ணீர், இரண்டு கீச்சான் மீன். மணலில்தான் பிடித்தது வம்பு. காப்பிப் பொடி தூவியதுபோலப் பழுப்பாகப் பாசி படியும். சுரண்டி எடுத்தால் நாலே நாளில் திரும்ப வரும். ஜன்னலுக்குச் சாக்கு கட்டினார், மணலையே மாற்றினார். கடைசியில், வாரம் ஒரு தடவை தண்ணீர் மாற்றியவர் மூன்று தடவை மாற்ற ஆரம்பித்தார். நெஞ்சுவலிக்காரர் சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது காற்றோடு போயிற்று.

தீனி விஷயத்தில் மட்டும் மகா கருமி. இரண்டு நாளைக்கு ஒரு சிட்டிகை இறால் தூள். அமீருன்னிசாவுக்கு மனசு கேட்கவில்லை. மகள் கல்யாணமாகிப் பினாங்கு போய் மூன்று வருஷம். அந்த வீட்டில் அவள் குரலுக்கு ஓடிவர அந்த இரண்டும்தான் இருந்தன. அவர் பள்ளிவாசலுக்குப் போகும் நேரம் பார்த்துத் தினமும் ஒரு பிடி சோறு போடுவாள். பேசிக்கொண்டே போடுவாள்.

சாயங்கால அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கம் முடிந்தது. கணவனை இழந்து இத்தா இருப்பவள் வெளி ஆண்கள் முன் வரக்கூடாது என்பதால் அவள் உள்ளறையில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். தந்தி கிடைத்துச் சிதம்பரத்திலிருந்து நடனசபாபதி வந்திருந்தார். ஒரு காலேஜில் கடல்மீன் தொட்டிகளைப் பார்த்துக்கொள்பவர். இந்தத் தொட்டியைக் கொடுத்தவரும் அவர்தான். அமீருன்னிசாவின் தம்பி ஜமாலுதீன் அவரோடு பேசிக்கொண்டிருந்தான்.

"இந்தப் பாசிதான் சார் மச்சானக் கொண்டுபோயிடுச்சு. எங்கேர்ந்துதான் வருதோ."

"தீனி ஜாஸ்தியானா வரும் பாய். தின்னது போவ மிச்சம் மணல்ல அழுவும். அதுலதான் பிடிக்கும்."

திரைக்குப் பின்னால் அவள் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். என் கையால்தானா, என் கையால்தானா என்று உள்ளுக்குள் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"மச்சான் ஒரு சிட்டிகைதான சார் போடுவாரு?"

நடனசபாபதி குரலைத் தாழ்த்தினார். "அவருக்குத் தெரியும் பாய். மணல்ல சோத்துப் பருக்கையப் பாத்திருக்காரு. வீட்ல போடறாங்கன்னு போன மாசமே சொன்னாரு. நிறுத்தச் சொல்லுங்கன்னேன். 'மவ போனதுலேர்ந்து அவ வாய் தொறந்து பேசறதே அதுங்ககிட்டதான். ரெண்டு டின் கூடத் தூக்கினா என்னா'ன்னாரு."

ஜமாலுதீன் திரையைப் பார்த்தான்.

நடனசபாபதியை வழியனுப்ப ஜமாலுதீன் போன பிறகு அமீருன்னிசா எழுந்து வந்தாள். அடுப்பு மூட்டாத வீட்டுக்கு அண்டை வீட்டார் கொடுத்தனுப்பிய சோறு தட்டில் அப்படியே இருந்தது. ஒரு பிடி அள்ளிக்கொண்டு தொட்டியருகே போய் நின்றாள். காலையில் கணவர் சுரண்டிய பாதி மணல் வெள்ளையாக இருந்தது. மறுபாதி பழுப்பாகவே கிடந்தது.

இரண்டு மீன்களும் ஓடிவந்து கண்ணாடியில் வாயை வைத்தன. அவள் எதுவும் பேசவில்லை.

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், கையிலிருந்த சோற்றைத் தன் வாயில் போட்டு மெதுவாக மென்றாள். மீன்கள் அங்கேயே நின்றன.